ஆய்வுப் பெப்டைடு வழங்குநரைத் தேர்ந்தெடுத்தல்

அமினோ அமிலங்கள் சில ஒன்றோடொன்று கோக்கப்பட்ட சிறு சங்கிலியே பெப்டைடு. சங்கிலி நீண்டு மடிந்து வடிவம் பெற்றால் அதைப் புரதம் என்கிறோம். ஆய்வகச் சோதனைக்கென்று செயற்கையாகச் செய்து, உறைநிலையில் உலர்த்தி, மில்லிகிராம் கணக்கில் விற்கப்படுபவை ஆய்வுப் பெப்டைடுகள். நோயெதிர்ப்பியல், மருந்தியல், நுண்ணுயிரியல், கட்டமைப்பு உயிரியல் எனப் பல துறைகளுக்கு இவை தேவைப்படுகின்றன. குப்பியின் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடியைப் பார்த்து யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. சரியான பெப்டைடும் தவறான பெப்டைடும் வெறும் உப்பும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே இதை வாங்குவது என்பது பெரும்பாலும் விற்பவரை நம்புவது. அந்த நம்பிக்கையை எதன்மேல் வைப்பது என்பதைப் பற்றியது இக்கட்டுரை.

மல்லாங்கிணறு, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து மானாவாரி விவசாயிக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. உளுந்து விதையும் அப்படித்தான். நல்ல விதையா, முளைக்காத விதையா என்பது மழை பெய்து விதைத்த பிறகே தெரியும். அப்போது பருவமும் போயிருக்கும். அதனால்தான் விதை மூட்டையில் சீட்டு கட்டுகிறார்கள். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். சான்று உளுந்து விதையின் முளைப்புத்திறன் 75 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. இதில் கவனிக்க வேண்டியது, சான்று விதைக்கான அந்த நீலச் சீட்டை விற்பவர் தாமே எழுதிக் கட்டிக்கொள்வதில்லை என்பதுதான். வயலையும் விதையையும் பார்த்துச் சான்று தர அரசில் தனித் துறை இருக்கிறது. ஆய்வுப் பெப்டைடுக்கு அப்படி ஒரு துறை கிடையாது. சீட்டை எழுதுபவரும் விற்பவரும் ஒருவரே. எனவே சீட்டைப் படிக்கும் திறமை வாங்குபவருக்குக் கட்டாயம் வேண்டும்.

சென்னையில் ஒரு கங்காரு வால்

மாதிரிப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பது ஆய்வின் தலையெழுத்தையே மாற்றும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு ஜி. என். இராமச்சந்திரன் பொறுப்பேற்றார். அங்கு வந்த பிரித்தானிய அறிவியலாளர் ஜே. டி. பெர்னல், கொலாஜன் என்ற புரதத்தின் கட்டமைப்பு இன்னும் விடுவிக்கப்படாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். எக்சு-கதிர்ப் படம் எடுக்கத் தூய்மையான, இழைகள் ஒழுங்காக அமைந்த கொலாஜன் வேண்டும். அது அருகிலேயே, நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், நாயுடம்மாவிடம் கிடைத்தது: ஆத்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வால் தசைநாண். அதை வைத்து இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எடுத்த படங்களிலிருந்துதான் கொலாஜனின் மும்மடி முறுக்கு அமைப்பு 1954, 1955 ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. தோலைப் பற்றி முழுதாக அறிந்த ஒரு நிறுவனம் கொடுத்த பொருள் என்பதால், அது என்ன, எவ்வளவு தூய்மையானது என்பதில் ஐயம் எழவில்லை. நல்ல வழங்குநர் என்றால் இதுதான் பொருள்: தான் கொடுப்பதைத் தான் அறிந்தவர்.

பெப்டைடுகளைப் பொறுத்தவரை 1963 ஒரு விந்தையான ஆண்டு. பெப்டைடுச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் இராமச்சந்திரன் வரைபடம் அவ்வாண்டில்தான் சென்னையிலிருந்து வெளியானது. அதே ஆண்டில் அமெரிக்காவில் புரூசு மெரிஃபீல்டு திண்மநிலைத் தொகுப்பு முறையை வெளியிட்டார். இதற்காக அவருக்கு 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று விற்பனைக்கு வரும் ஆய்வுப் பெப்டைடுகளில் மிகப் பெரும்பாலானவை மெரிஃபீல்டு வழிவந்த முறையில் செய்யப்படுபவையே.

தூய்மை ஏன் கெடுகிறது

அம்முறையில் சிறு பிசின் மணிகளின்மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் சங்கிலியை வளர்க்கிறார்கள். பூக்கட்டுவது போலத்தான், ஆனால் ஒரே சமயத்தில் கோடானுகோடி சரங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சில சரங்கள் ஒரு பூவைத் தவறவிடும். ஒரு சுற்றுக்கு 99 விழுக்காடு வெற்றி என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 30 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிக்கு 29 இணைப்புகள் தேவை. 0.99-ஐ 29 முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.75. அதாவது, கால் பங்கு சரங்கள் குறையுள்ளவை. வெற்றி விகிதம் 98 என்றால் முழுமையான சங்கிலி 56 விழுக்காடு, 95 என்றால் வெறும் 23 விழுக்காடு. இந்தக் குறைச் சங்கிலிகள் சரியான சங்கிலியிலிருந்து ஓர் அமினோ அமிலம் மட்டுமே வேறுபடுவதால் பிரித்தெடுப்பது கடினம். பெப்டைடு விலையில் பெரும்பங்கு செய்வதற்கன்று, தூய்மைப்படுத்துவதற்கு என்பதை இங்கே புரிந்துகொள்ளலாம். மற்றவர்களைவிடப் பாதி விலைக்கு ஒருவர் தருகிறார் என்றால், அவர் எந்தப் படியைத் தாண்டிவிட்டார் என்று கேட்பதில் தவறில்லை.

எல்லா வேலைக்கும் உச்சத் தூய்மை தேவையில்லை. முயலில் எதிர்ப்பொருள் உண்டாக்க 70 முதல் 85 விழுக்காடு போதும். அளவிட்டுச் சொல்ல வேண்டிய செல் சோதனைகளுக்கும் நொதி ஆய்வுகளுக்கும் 95 வேண்டும். படிகமாக்கலுக்கும் அணுக்கருக் காந்த ஒத்திசைவு ஆய்வுக்கும் 98. தேவைக்கு மேல் தூய்மை கேட்டுப் பணத்தை விடுவதும், தேவைக்குக் கீழ் வாங்கி ஆய்வை விடுவதும் நடப்பதுதான்.

பகுப்பாய்வுச் சான்றைப் படிப்பது எப்படி

ஒவ்வொரு குப்பியோடும் அந்தத் தொகுதிக்கான பகுப்பாய்வுச் சான்று வரவேண்டும். "அந்தத் தொகுதிக்கான" என்பதுதான் முக்கியம். குப்பியில் உள்ள தொகுதி எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் இல்லாமல், "மாதிரிச் சான்று" என்று ஒரு தாளைத் தருபவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சான்றில் முதலில் பார்க்க வேண்டியது உயர்செயல்திறன் நீர்ம நிறப்பிரிகை, அதாவது எச்.பி.எல்.சி. வரைபடம். வெறும் "தூய்மை 98.6 விழுக்காடு" என்ற எண் போதாது. வரைபடம் முழுதும் வேண்டும். எந்தத் தூண், எந்தக் கரைப்பான், எத்தனை நிமிடத்தில் எந்த விகித மாற்றம், எந்த அலைநீளம் என்பவையும், ஒவ்வொரு முகட்டின் பரப்பைக் காட்டும் அட்டவணையும் வேண்டும். பெப்டைடுப் பிணைப்பு ஒளியை உறிஞ்சும் 214 முதல் 220 நானோமீட்டர் வரையில் அளந்திருப்பதே முறை. 280-இல் அளந்தால் டிரிப்டோபான், டைரோசின் இல்லாத மாசுகள் அநேகமாகக் கண்ணில் படாமல் போய்விடும். அடிக்கோடு வழுவழுவென்று, சிறு நடுக்கம்கூட இல்லாமல் இருந்தால் மகிழ வேண்டாம்; மெய்யான கருவி அப்படி வரையாது. இரண்டு வெவ்வேறு தொகுதிகளின் வரைபடங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால், இரண்டில் ஒன்றாவது நகல்.

அடுத்தது நிறைமாலை. எச்.பி.எல்.சி. எவ்வளவு தூய்மை என்று சொல்லும். என்ன பொருள் என்று சொல்லாது. 99 விழுக்காடு தூய்மையான தவறான பெப்டைடு என்பது இருக்கக்கூடிய ஒன்றுதான். நிறைமாலையில் தெரியும் நிறையை, அமினோ அமில வரிசையிலிருந்து கணக்கிட்ட நிறையோடு ஒப்பிட வேண்டும். இதை வழங்குநர் செய்திருப்பார் என்று விட்டுவிடாமல் மாணவர்களே செய்து பார்ப்பது நல்லது; ஒரு தாளும் பேனாவும் போதும். எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 ஒரு நல்ல பயிற்சி. அதோடு ஒரு புரோத்தான் சேர்ந்தால் 1046.54, இரண்டு சேர்ந்தால் 523.77 என்ற இடங்களில் முகடு விழ வேண்டும். சரியான நிறைக்குப் பக்கத்தில் 16 கூடுதலாக ஒரு முகடு தெரிந்தால், மெத்தியோனினோ டிரிப்டோபானோ ஆக்சிசனேற்றம் அடைந்திருக்கிறது. 17 குறைந்தால், முதலில் நிற்கும் குளூட்டமின் வளையமாகி அம்மோனியாவை இழந்திருக்கலாம். அசுபரசின் கெட்டிருந்தால் வேறுபாடு 1 மட்டுமே. அதை மேலோட்டமாகப் பார்ப்பவர் தவறவிடுவார்.

நிறைமாலைக்கும் எல்லை உண்டு. லியூசினும் ஐசோலியூசினும் ஒரே நிறை. எல்-வடிவ அமினோ அமிலத்துக்குப் பதில் டி-வடிவம் நுழைந்திருந்தாலும் நிறை மாறாது. ஆய்வு இந்த வேறுபாடுகளைச் சார்ந்தது என்றால், வழங்குநரிடம் இதைத் தனியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

எடையில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

பலரும் கோட்டைவிடும் இடம் இது. "தூய்மை 98 விழுக்காடு" என்பது, குப்பியில் உள்ள பெப்டைடுகளுக்குள் சரியான பெப்டைடின் பங்கு. குப்பியில் உள்ள மொத்தப் பொடியில் பெப்டைடு எவ்வளவு என்பது வேறு கணக்கு. தூய்மைப்படுத்தும்போது பயன்படுத்தும் டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம் பெப்டைடோடு உப்பாக ஒட்டிக்கொள்கிறது; காற்றின் ஈரமும் சேர்கிறது. எச்.பி.எல்.சி.க்கு இவ்விரண்டும் தெரியாது. மொத்த எடையில் பெப்டைடு 60 முதல் 90 விழுக்காடு வரை இருப்பது இயல்பு. இதை நிகரப் பெப்டைடு அளவு என்பர். அமினோ அமிலப் பகுப்பாய்வால் அறிவர்.

ஒரு பேச்சுக்கு, 5 மில்லிகிராம் குப்பியை ஒருவர் 6,000 ரூபாய்க்குத் தருகிறார், நிகர அளவு 62 விழுக்காடு. கையில் வருவது 3.1 மில்லிகிராம், ஒரு மில்லிகிராம் 1,935 ரூபாய். இன்னொருவர் நிகரமாக 5 மில்லிகிராம் வைத்து 8,000 ரூபாய் கேட்கிறார். அவரிடம் ஒரு மில்லிகிராம் 1,600 ரூபாய். விலைப்பட்டியலில் முதலாமவர்தான் மலிவு. பணம் போவதைவிடப் பெரிய கேடு, கரைசலின் செறிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறிப்போவது. பிறகு "கட்டுரையில் சொன்ன அளவில் வேலை செய்யவில்லை" என்று ஆறு மாதம் அலைய வேண்டியிருக்கும்.

அந்த அமில உப்பு செல்களையும் பாதிக்கக்கூடும். செல் வளர்ப்பில் பயன்படுத்துவதாக இருந்தால் அசிட்டேட் அல்லது ஐதரோகுளோரைடு உப்பாக மாற்றித் தரச் சொல்ல வேண்டும். கூடவே, பாக்டீரியா அகநச்சு அளவையும் கேட்க வேண்டும். சிறிதளவு அகநச்சுகூட நோயெதிர்ப்புச் செல்களைக் கிளறிவிடும். அதைப் பெப்டைடின் விளைவு என்று நாம் எழுதிக்கொண்டிருப்போம்.

ஒரு விழுக்காடு செய்த வேலை

இதெல்லாம் மிகையான எச்சரிக்கை என்று தோன்றினால், 2008-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வுகளில், வைரசின் புரதத்தைச் சிறு சிறு பெப்டைடுகளாகச் செய்து, எந்தத் துண்டுக்கு டி-செல்கள் எதிர்வினை காட்டுகின்றன என்று பார்ப்பது வழக்கம். அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு தனித்தனி வழங்குநர்களிடம் வாங்கிய பெப்டைடுத் தொகுப்புகளில் பொருந்தாத எதிர்வினைகளைக் கண்டு துருவினார்கள். ஒரு எச்.ஐ.வி. பெப்டைடில் சைட்டோமெகலோவைரசின் பெப்டைடு எடையில் ஏறத்தாழ 1 விழுக்காடு கலந்திருந்தது. அது நோயெதிர்ப்பு ஆய்வகங்கள் அடிக்கடி வாங்கும் பெப்டைடு. இந்தக் கலப்பே இல்லாத எதிர்வினையை இருப்பதுபோல் காட்டியது. 99 விழுக்காடு தூய்மை என்று பார்த்தால் அந்தக் குப்பியில் குறையே இல்லை. ஆனால் மீதி ஒரு விழுக்காடு வலிமையான அயல் பெப்டைடு.

இதிலிருந்து வழங்குநரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைக்கிறது: ஒரு பெப்டைடுக்கும் அடுத்ததற்கும் இடையே கருவியையும் தூணையும் எப்படிக் கழுவுகிறீர்கள், கழுவியதை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்? தாமே செய்பவர் இதற்கு உடனே பதில் சொல்வார். வேறெங்கோ வாங்கிப் பெயர் ஒட்டி விற்பவர் தடுமாறுவார். இடைத்தரகர் என்பதாலேயே ஒருவர் கெட்டவர் ஆகிவிடமாட்டார். நம் ஊர்க் கல்லூரிகள் மதுரை, சென்னை முகவர்கள் வழியாகத்தான் வாங்கியாக வேண்டும். யார் செய்தது என்பதைச் சொல்ல மறுக்கும் முகவரைத்தான் தவிர்க்க வேண்டும்.

குறைந்த விலைப்புள்ளி என்னும் பொறி

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்று விலைப்புள்ளி வாங்கி, குறைந்ததற்குக் கொடுப்பது வழக்கம். விதிகளின் நோக்கம் நல்லதே. ஆனால் விவரக்குறிப்பில் "பெப்டைடு, 5 மி.கி., 95 விழுக்காடு" என்று மட்டும் எழுதினால், அதற்கு உட்பட்ட மிக மோசமான பொருளே வரும், கணக்காளர்மேல் பழி போட முடியாது. விவரக்குறிப்பை ஆய்வாளர்தான் எழுதுகிறார். நிகர அளவு, உப்பு வடிவம், அலைநீளம் குறித்த எச்.பி.எல்.சி. வரைபடம், நிறைமாலை, அகநச்சு அளவு, செய்த நிறுவனத்தின் பெயர், தவறினால் மாற்றித் தரும் உறுதி ஆகியவற்றை நிபந்தனைகளாகவே எழுதிவிட்டால், அவற்றை நிறைவு செய்யாதவர் விலையைத் திறக்கும் முன்பே விலகிவிடுவார். இந்த ஒரு பத்தியை எழுதச் சோம்பியதால் வீணான ஆய்வு நிதி நம் கல்லூரிகளில் கொஞ்சமன்று என்பது என் எண்ணம்.

மூலப்பொருளை யாரிடம், எந்தத் தரத்தில் வாங்கினோம் என்று பார்க்காததன் விளைவைத் தமிழ்நாடு 2025-இல் கண்டது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். மருந்து, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த சிரேசன் நிறுவனத்தின் 'கோல்டிரிஃப்'. அதன் எஸ்.ஆர்.-13 தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை கண்டது. ஏற்கத்தக்க எல்லை 0.1 விழுக்காடு. அக்டோபரில் உரிமம் நீக்கப்பட்டது. இதே நஞ்சு 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றது. 1972-இல் சென்னையிலும் குழந்தைகளைக் கொன்றது. பெப்டைடு இருமல் மருந்து அன்று. ஆனாலும் சிக்கலின் வடிவம் ஒன்றே. புரோப்பிலீன் கிளைக்காலும் டைஎத்திலீன் கிளைக்காலும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் நிறமற்ற நீர்மங்கள். பீப்பாயின் மேலிருக்கும் சீட்டை நம்புவதா, உள்ளே இருப்பதைச் சோதிப்பதா என்பதுதான் கேள்வி.

உடம்பில் ஏற்றிக்கொள்பவர்கள்

"ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அன்று" என்ற வாசகத்தோடு இணையத்தில் விற்கப்படும் குப்பிகளை, தசை வளர்க்கவும் காயம் ஆறவும் எடை குறைக்கவும் ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் உடற்பயிற்சிக் கூடங்களில் பரவியிருக்கிறது. இந்தக் கட்டுரையில் சொன்ன எந்தச் சோதனையும் அதைப் பாதுகாப்பானதாக்காது. ஆய்வுப் பெப்டைடு நுண்ணுயிர் நீக்கப்பட்டது என்று யாரும் உறுதி தருவதில்லை. 98 விழுக்காடு தூய்மை ஆய்வகத்தில் நல்ல மதிப்பெண். ஆனால் மீதி 2 விழுக்காட்டில் இருப்பது என்ன என்று ஒருவரும் பார்த்திராத பொருளை இரத்தத்தில் கலப்பது வேறு. இவ்வகையில் அதிகம் பேசப்படும் பி.பி.சி.-157 எந்த நோய்க்கும் அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பின் ஒப்புதல் பெற்றதன்று. 2022 முதல் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையின் தடைப்பட்டியலில் உள்ளது. மாவட்ட, மாநில அளவில் ஓடும், கபடி ஆடும் பிள்ளைகள் இதையாவது அறிந்திருக்க வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த, உரிமம் பெற்ற மருந்துக் கடையில் வாங்கும் பெப்டைடு மருந்துகள் வேறு வகை. இன்சுலினும் அவற்றில் ஒன்று.

வெயிலும் மின்தடையும்

உலர்ந்த பெப்டைடு சில நாள் சாதாரண வெப்பத்தைத் தாங்கும். சித்திரை, வைகாசியில் கூரியர் வண்டிக்குள் நான்கு நாள் கிடப்பது சாதாரண வெப்பமன்று. வெள்ளிக்கிழமை அனுப்பச் சொன்னால் அது சனி, ஞாயிறு கிடங்கில்தான் இருக்கும். திங்கள் அல்லது செவ்வாய் அனுப்பச் சொல்வதே வழி. சிசுட்டீன், மெத்தியோனின், டிரிப்டோபான் உள்ள வரிசை என்றால் குளிர்ப்பொதியில், ஈரம் உறிஞ்சும் பையோடு வரவேண்டும். எப்படிப் பொதிவீர்கள் என்ற கேள்விக்கு வழங்குநர் தரும் பதிலே அவரைப் பற்றிப் பாதி சொல்லிவிடும்.

வந்ததும் கழிவு 20 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். தானே பனி நீக்கும் உறைபெட்டி இதற்கு ஏற்றதன்று. அது பனியை உருக்க அவ்வப்போது சூடேறி இறங்கும். மின்தடை நீளும் ஊர்களில், குப்பிகளை உறைந்த குளிர்ப்பைகள் நிறைந்த தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, அப்பெட்டியையே உறைபெட்டிக்குள் வைப்பது எளிய காப்பு. வெளியே எடுத்த குப்பியை உடனே திறக்கக்கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையேல் காற்றின் ஈரம் பொடியில் இறங்கும். கரைத்த பிறகு, ஒருமுறை எடுத்துத் தீர்க்கும் அளவில் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து உறைய வைக்க வேண்டும். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்த கரைசலைக் கொண்டு வழங்குநரோடு வழக்காட முடியாது.

புதிய வழங்குநரிடம் முதலில் ஒரே ஒரு பெப்டைடை, சிறு அளவில் வாங்கலாம். அதிலிருந்து சிறிது எடுத்து வெளியே நிறைமாலையும் எச்.பி.எல்.சி.யும் பார்த்துவிடலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் நுண்ணிய பகுப்பாய்வுக் கருவி மையம் வெளிக் கல்லூரிகளின் மாதிரிகளையும் கட்டணத்துக்கு ஏற்கிறது. மாதிரியை அனுப்பும்போது வழங்குநரின் சான்றை உடன் வைக்காமல், அமினோ அமில வரிசையை மட்டும் எழுதி அனுப்புவது நல்லது.